ஐந்து கேள்விகள்

கணக்கு டீச்சர் கரும்பலகையில் கீபோர்டை வரைந்து முடிக்க முக்கால் பீரியடு ஆனது. எழுத்துகளை வரிசை பிசகாமல் கட்டம் கட்டமாகப் போட்டுவிட்டு, ஓரமாக மவுஸையும் வரைந்தார்.

"வால் இருக்கு, மீசையக் காணோமே டீச்சர்" என்றாள் முதல் பெஞ்சு வாயாடி.

வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். சுவருக்கு அந்தப் பக்கம், பூட்டிய அறையில், இருபது கம்ப்யூட்டர்கள் அட்டைப்பெட்டிக்குள் கிடந்தன.

அவை வந்து பதினான்கு மாதம் ஆகிறது. அன்று ஒரு அதிகாரி ரிப்பன் வெட்டினார், படம் எடுத்தார்கள். பொருத்திக் கொடுக்க வேண்டிய கம்பெனி ஆள் மட்டும் இன்னும் வரவில்லை. இன்டர்நெட் கேபிள் காம்பவுண்டு சுவர் வரை வந்து, அங்கே ஒரு ஆணியில் சுருட்டி மாட்டியதோடு நின்றுவிட்டது. ஆனால் துறையின் பட்டியலில் இது இணைய வசதி பெற்ற பள்ளி. அதனாலேயே இந்த வருடம் இங்கே தாளில் தேர்வு கிடையாது என்றார்கள். தலைநகரத்து உறைவிடக் கல்லூரிக்கான நுழைவுத் தேர்வை இந்தப் பள்ளியிலிருந்து போகும் ஆறு பிள்ளைகளும் கம்ப்யூட்டரில்தான் எழுத வேண்டும். ஊரில் இருந்த ஒரே பிரௌசிங் சென்டரும் செல்போன் கடையாக மாறி இரண்டு வருடம் ஆகிவிட்டது.

தலைமையாசிரியர் கெட்டவர் இல்லை. வாழ்நாள் முழுக்க எதிலும் கையெழுத்துப் போடப் பயந்தே வாழ்ந்தவர். அறையைத் திறக்கச் சொல்லி டீச்சர் கேட்டபோதெல்லாம், "பெட்டியில வச்ச அரக்கு சீலை நான் உடைச்சு, நாளைக்கு ஒண்ணு ஓடலைன்னாலும் என் தலைதான் உருளும். எட்டு மாசத்துல ரிட்டயர் ஆகப் போறவன். என்னை விட்டுடுங்க டீச்சர்" என்பார். மூன்றாவது தடவை டீச்சர் எதுவும் கேட்கவில்லை; மேசைக்கு முன்னால் போய்ச் சும்மா நின்றார். தலைமையாசிரியர் கொஞ்ச நேரம் கோப்பைப் புரட்டிவிட்டு, சாவியை எடுத்து மேசை விளிம்பில் வைத்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தேர்வுக்கு இரண்டே நாள் இருந்தது.

டீச்சரும் பிள்ளைகளும் ஒரு பெட்டியைப் பிரித்து, அதிலிருந்த படத்தைப் பார்த்துப் பார்த்து ஒயர்களைச் சொருகினார்கள். சுவிட்சைப் போட்டதும் ஒன்றும் ஆகவில்லை. பள்ளிக் காவலாளி ஸ்க்ரூவைக் கழற்றி, பிளக் பலகையைப் பிய்த்துப் பார்த்தார். பின்னால் ஒயரே இல்லை. வெறும் ஓட்டை. அலுவலக அறைக்குத் தூக்கிப் போகலாமா என்று கேட்டதற்குத் தலைமையாசிரியர், "இந்த அறையை விட்டு ஒரு சாமான் வெளிய போகக் கூடாது டீச்சர். அதை மட்டும் கேட்காதீங்க" என்றார். அவர் குரல் கெஞ்சியது.

ஆறு பேரும் முறை வைத்து அந்த இருண்ட திரைக்கு முன்னால் உட்கார்ந்து அவரவர் பெயரைத் தட்டினார்கள். திரையில் அவர்கள் முகம்தான் தெரிந்தது.

தேர்வு மையம் பஸ்ஸில் இரண்டு மணி நேரத் தூரம். வாயாடியின் அப்பாவும் துணைக்கு வந்தார். சைக்கிள் பழுது பார்க்கிறவர். கடையை ஒரு நாள் சாத்திவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்திருந்தார். பத்து மணிக்குப் பிள்ளைகள் உள்ளே போனார்கள். தேர்வு ஒன்றரை மணி நேரம்.

பத்தரைக்கெல்லாம் வாயாடி வெளியே வந்தாள். முகமெல்லாம் பல்.

"ரொம்ப ஈஸி டீச்சர். இதுக்கா இத்தனை பயந்தோம்? மொத்தமே அஞ்சு கேள்விதான். அஞ்சும் சரியா போட்டேன்."

தேர்வில் மொத்தம் அறுபது கேள்விகள் என்பது டீச்சருக்குத் தெரியும். ஐந்து ஒரு திரையில் தெரிவது. மீதி கீழே இருந்திருக்கும். மவுஸால் பக்கத்தைக் கீழே நகர்த்திக்கொண்டே போயிருக்க வேண்டும். பெட்டியைப் பிரித்த அன்று இதே பெண் மவுஸின் நடுவில் இருந்த சின்னச் சக்கரத்தை உருட்டி, "இது எதுக்கு டீச்சர்?" என்று கேட்டிருந்தாள். கரண்ட் இல்லாத ஆத்திரத்தில், "அது இப்ப வேண்டாம், விடு" என்றிருந்தார்.

"முடிச்சுட்டேன்னு அமுக்கிட்டியா?"

"அமுக்கினேன் டீச்சர். நிச்சயமான்னு கேட்டுச்சு. நிச்சயம்னு அமுக்கினேன்."

டீச்சர் வாசலுக்குப் போய்க் கண்காணிப்பாளரிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். அவர் முழுதும் கேட்டார். "பாவம்தாங்க. ஆனா வெளிய வந்தா வந்ததுதான். உள்ள போனாலும் அது திறக்காது."

"மத்த அஞ்சு பேருக்காவது ஒரு வார்த்தை சொல்லிடுங்க. கீழ நகர்த்தணும்னு."

"என் வேலை போயிடும் டீச்சர்."

கதவு சாத்திக்கொண்டது. இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது. உள்ளே ஏசி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

திரும்பி வந்தபோது வாயாடி அப்பாவிடம் ஐந்து கேள்விகளையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது, ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பையிலிருந்து ஒரு ஆரஞ்சுப் பழத்தை எடுத்தார். கிரீஸ் ஏறிய நகத்தால் தோலில் கறை படாதபடி பதமாக உரித்தார். முதல் பாதியை டீச்சரிடம் நீட்டினார்.

"நீங்க இல்லேன்னா இவ இங்க வந்திருப்பாளா டீச்சர். எடுத்துக்குங்க."

டீச்சர் வாங்கிக்கொண்டார். அந்தப் பெண் மரத்தடியில் நின்று, மற்ற ஐவர் வரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுளைகளை எவ்வளவு இறுகப் பிடித்திருக்கிறோம் என்பது சாறு மணிக்கட்டு வழியாக வளையல் வரை இறங்கிய பிறகுதான் டீச்சருக்குத் தெரிந்தது.