பதினேழாம் தேதிப் பெண்

எனக்கு வாய் ஜாஸ்தி. பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். வண்டி நம்பரைக் கூட்டிப் பார்க்கிறவர்கள், ராசிக்காகப் பெயரில் ஒரு எழுத்தைச் சேர்த்துக்கொள்கிறவர்கள் என்று ஸ்டாஃப் ரூமில் யார் சிக்கினாலும் நார் நாராகக் கிழித்துவிடுவேன்.

வருஷா வருஷம் பகா எண்கள் நடத்தும்போது ஒரு பீரியட் முழுக்கப் பதினேழுக்கே போய்விடும். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு: இந்த நாலு எண்ணையும் கூட்டினால் பதினேழு. "இதே மாதிரி வரிசையா நாலு பகா எண்ணக் கூட்டி இன்னொரு பகா எண் கொண்டாங்க பாக்கலாம்" என்பேன். பிள்ளைகள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். வராது. இரண்டை விட்டால் மற்ற பகா எண்கள் எல்லாம் ஒற்றைப்படை; நான்கு ஒற்றைப்படைகளைக் கூட்டினால் இரட்டைப்படைதான். அமெரிக்காவில் பதினேழு வருஷம் மண்ணுக்குள் கிடந்துவிட்டு வெளியே வரும் பூச்சியைப் பற்றிச் சொல்வேன். இத்தாலியில் சில விமானங்களில் பதினேழாவது வரிசையே கிடையாது, அவ்வளவு பயம் என்பேன். "நம்ம ஊரு மட்டும் என்னா? ஒண்ணும் ஏழும் எட்டு, எட்டுன்னா சனின்னு ஓடுறோம்" என்றதும் வகுப்பே சிரிக்கும்.

ஒரு வருஷம் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தவள் மதிவதனி. பதினேழாம் தேதி பிறந்தவள். "உன் நம்பர யாராலயும் வகுக்க முடியாதுடி" என்றேன். அப்புறம்தான் பல் தெரியச் சிரித்தாள்.

அவளைத்தான் என் மகன் எழில் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டான். இருவருக்கும் வேங்கிக்காலில் ஒரே ஆபீஸ். விஷயம் தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அடி அண்ணாமலையில் இருக்கும் அவள் வீட்டுக்குப் போனோம். நான், எழில், என் கணவர் திருமலை, அவருடைய அக்கா ராஜம்மாள். ஜாதகமெல்லாம் வேண்டாம் என்று நான்தான் ஜம்பமாகச் சொல்லியிருந்தேன்.

காபி குடித்து முடித்ததும் ராஜம்மாள் அண்ணி அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "நீ எந்தத் தேதியில பொறந்தம்மா?" என்று கேட்டார். மதிவதனியின் அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் என்னைப் பார்த்துக்கொண்டே, "பதினேழுங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி ஆரம்பித்தார். "எட்டு நம்பர்மா. என் தம்பிக்கு இப்பதான் நெஞ்ச அறுத்துத் தெச்சிருக்காங்க. அவனுக்கு எதனா ஆச்சுன்னா நீ பதில் சொல்லுவியா?"

வேறு யாராவது இப்படிப் பேசியிருந்தால் கிழித்திருப்பேன். அன்று வாய் வரவில்லை. என் கணவரைப் பார்த்தேன். சட்டைக் கழுத்துக்குள் தழும்பின் நுனி தெரிந்தது. சீ, சொல்லவே கூசுகிறது, எனக்கும் பயம் வந்துவிட்டது. அண்ணி மேல் பழியைப் போட்டுவிடலாம். ஆனால் பயந்தது நான்.

"நீ சொல்லும்மா. நீ வேணாம்னா அவ இந்த வாசப்படி மிதிக்கமாட்டா, உனக்கே தெரியும்" என்றான் எழில். நான் சமையலறைக்குள் போய்விட்டேன். அவன் அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை.

மறுநாள் நானே மதிவதனிக்குப் போன் போட்டேன்.

"எங்க அண்ணி கொஞ்சம் பழைய ஆளும்மா. தேதி விஷயத்துல அவங்க..."

"அவங்கள விடுங்க டீச்சர். உங்களுக்குப் பயமா இருக்குதா?"

எத்தனை பிள்ளைகளை போர்டு முன்னால் நிறுத்திக் கேள்வி கேட்டிருப்பேன். இவளிடம் ஒரு பொய் சொல்லக்கூட எனக்குத் துப்பில்லை.

"ஆமாம்மா" என்றேன்.



"பதினாறுன்னு சொல்லுடின்னு எங்கம்மா தலப்பாடா அடிச்சிக்கிட்டாங்க. டீச்சர் வீட்டுக்குப் போற பொண்ணு பொய் சொல்லக் கூடாதுன்னு நான்தான் கேக்கல" என்றாள். குரலில் கோபமே இல்லை. "இனிமே வர்றவங்ககிட்ட பதினாறுன்னே சொல்லிடறேங்க டீச்சர்."