நமுத்துப்போன தீக்குச்சி

...ஒரு விளக்கைச் சாய்த்து இன்னொன்றைப் பற்றவைக்கக் கூடாது, அதுதான் முதல் விதி, ஆனால் சுஜிதாவின் பேனா இரண்டாவதிலிருந்துதான் தொடங்கியிருந்தது. ஊதி அணைக்காதே, மூடி போட்டு அணை. எரியும் ஸ்பிரிட் விளக்கில் ஸ்பிரிட் ஊற்றாதே. எல்லாம் இந்த ஆய்வகத்தில் யாரும் செய்யாத தப்புகள், செய்த தப்புக்கு மட்டும் சார்ட்டின் உச்சியில் வெள்ளையாக இடம் கிடந்தது. நாளைக்கு ஆய்வு அதிகாரி வருகிறார், நீங்கதான கெமிஸ்ட்ரி மிஸ், லேப் சேஃப்டி ரூல்ஸ நீங்களே சார்ட்ல எழுதி மாட்டிருங்க என்று எச்.எம். சொன்னபோது தலையாட்டியாயிற்று, தலையாட்டத்தான் நன்றாக வருகிறதே. ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்தையே காணவில்லை, அவ்வளவு மூட்டம். மூட்டத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டால் என்ன? மழை தொடங்கிவிட்டால் கொடைக்கானலில் எந்தத் தீப்பெட்டிதான் நமுக்காமல் இருக்கிறது, பத்துக் குச்சி கிழித்தால் ஒன்று பற்றும், நாற்பது நிமிஷத்தில் பதினைந்து விளக்கு ஏற்ற வேண்டும்... அதனால்தானே அன்றைக்கு எரிகிற விளக்கைக் கையில் எடுத்துச் சாய்த்து அடுத்ததைப் பற்றவைத்துக் காட்டினாள், ஈஸ்டர் பூசையில மெழுகுவத்தி பத்தவைக்கிற மாதிரிதாண்டி, வெரசா ஆகட்டும் என்று சிரித்தது அவள் வாய்தானே, மூட்டத்துக்கு வாய் இருக்கிறதா என்ன.

மறுவாரம் ஃபெமினா அப்படியே செய்தாள். கூக்காலிலிருந்து விடியுமுன்னே பஸ் ஏறி வருகிற ப்ளஸ் ஒன் பிள்ளை, சொன்னதைச் சொன்னபடி செய்கிற பிள்ளை. சாய்த்ததும் திரி கழன்று ஸ்பிரிட் கொட்டி, பகலில் தெரிந்தும் தெரியாத அந்த நீலத் தீ இடது புறங்கையில் ஏறிவிட்டது. ஈரத் துணியால் பொத்தியதும் குழாயடியில் கையைப் பிடித்ததும் சுஜிதாதான், அதற்காக எல்லாரும் பாராட்டினார்கள், அதுதான் கேவலம். இப்படிப் பத்தவைக்க யாரு சொல்லிக் குடுத்தா என்று எச்.எம். கேட்டபோது பிள்ளை சுஜிதாவைப் பார்த்தது, சுஜிதா தரையைப் பார்த்தாள். நானாத்தான் மேடம் என்றது பிள்ளை. அத்தோடு விட்டதா? மன்னிப்புக் கடிதம் வாங்குங்க என்றார்கள், வாங்கினாள், மிஸ் கூடாது என்று சொல்லியும் கேளாமல் என்ற வரியை அவளே சொல்லச் சொல்லப் பிள்ளை எழுதியது, கேளாமலுக்கு எந்த ளா மிஸ் என்று நிமிர்ந்து கேட்டது, அதையும் சொல்லிக்கொடுத்தாள்! பூண்டு பிடுங்குகிற வேலையைப் போட்டுவிட்டு வந்த பிள்ளையின் அப்பா கடிதத்தின் அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மிஸ் இல்லேன்னா எம்புள்ள கெதி என்னாகியிருக்கும் என்று கும்பிட்டார். சீ, அதற்கும் தலையாட்டினாளே.

"மிஸ்."

மூன்று வாரம் கழித்து இப்போது ஆய்வக வாசலில் ஃபெமினா. புறங்கையில் ரோஸ் நிறத்தில் புதுத் தோல். பிளாஸ்டிக் கவரில் சுற்றிய தீப்பெட்டியை நீட்டியது, அரிசிக்குள்ள போட்டு வச்சிருந்தேன் மிஸ், எங்க வீட்ல அப்படித்தான், நமுக்கவே நமுக்காது என்றது. அரிசிக்குள்ளே. இவ்வளவுதானா, இந்த ஒரு கைப்பிடி அரிசியா அவளுக்குத் தோன்றாமல் போயிற்று... கிழித்தாள், முதல் உரசலிலேயே பற்றியது. இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லப்போவதில்லை. "ஃபெமினா, அப்படிப் பத்தவைக்கச் சொன்னது நான்தாம்மா. தப்பு என்னோடது. எச்.எம். கிட்டயும் சொல்லிர்றேன்." பிள்ளை சிரித்தது. "இல்ல மிஸ், நீங்க கூடாதுன்னுதான் சொன்னீங்க. நாந்தான் கேக்கல. லெட்டர்லகூட எழுதினேனே மிஸ்." நடிக்கவில்லை, அந்தக் கண்ணில் நடிப்பே இல்லை, தான் எழுதியதை அப்படியே நம்பிவிட்டது. மேல எடம் கெடக்கே மிஸ், அதத்தான மொதல்ல எழுதணும் என்று சார்ட்டைக் காட்டியது. குச்சி எரிந்துகொண்டே வந்து விரலைச் சுட்டது, உதறினாள். ஆனால் பிள்ளை இல்ல மிஸ் என்று சொன்ன அந்த நொடியில் நெஞ்சுக்குள் ஓர் அப்பாடா எழுந்ததே, நிஜமாகவே எழுந்ததே, அதை இனி எங்கே கொண்டுபோய் வைப்பது...