அள்ளாத உப்பு

எங்கள் கம்பெனியில் இப்போது இரண்டு பேர். பலகை விளையாட்டுகளை யோசித்து உருவாக்கும் நான், அட்டை வெட்டி ஒட்டும் அன்புச்செல்வி. திண்டிவனத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் ஆபீஸ். கம்பெனியை என்னோடு சேர்ந்து ஆரம்பித்த தென்னரசு ஹைதராபாத்துக்கு வேலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவன் போனதில் கம்பெனியைவிட எனக்குத்தான் நஷ்டம் அதிகம். அதை அவனிடம் சொன்னதில்லை.

புது விளையாட்டை வெளியாட்களிடம் கொடுப்பதற்கு முன் எல்லா ஆட்டக்காரர்களின் கையையும் நானே ஆடிப் பார்ப்பேன். ஒவ்வொரு கைக்கும் தெரிந்த ஒருவரை நினைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் ஒரே மாதிரி ஆடும். சிவப்புக் காய்க்கு அம்மா, சரியான அவசரக்காரி. மஞ்சளுக்கு வீட்டு ஓனர். பச்சைக்குத் தென்னரசு.

இந்த விளையாட்டு மரக்காணம் உப்பளத்தை வைத்துச் செய்தது. முறை வந்தால் பாத்தியில் விளைந்த உப்பை அள்ளலாம், இன்னும் விளையட்டும் என்று விட்டும் வைக்கலாம். மழைச் சீட்டு வந்தால் அள்ளாத உப்பெல்லாம் கரைந்துவிடும். தென்னரசு எந்த விளையாட்டிலும் கடைசி வரை காத்திருப்பவன். அதனால் பச்சையும் காத்திருந்தது. பச்சை தோற்றால் எனக்கு மனசு கேட்காது, ஒரு மழைச் சீட்டைச் சீட்டுக்கட்டிலிருந்து எடுத்துவிடுவேன். விளையாட்டைச் சரிசெய்கிறேன் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு கல்யாணத்துக்காக விழுப்புரம் வந்த தென்னரசு ஞாயிற்றுக்கிழமை ஆபீசுக்கும் வந்தான். மறுநாள் உப்பள விளையாட்டு அச்சுக்குப் போக வேண்டும். கம்பெனிக்கே திரும்பி வந்துவிடு என்று அன்று அவனிடம் கேட்டுவிடுவதாக இருந்தேன். அதற்கு முன் ஒரு ஆட்டம் போடலாம் என்று அவனே அன்புச்செல்வியோடு உட்கார்ந்தான். மற்றவர்கள் ஆடும்போது உருவாக்கியவர் வாயே திறக்கக் கூடாது. அது அவன் போட்ட சட்டம்.

முதல் முறையிலேயே அள்ளினான். அடுத்த முறையும் அள்ளினான். பாத்தியில் ஒரு கட்டி உப்பு இருந்தாலும் விடவில்லை. நடுநடுவே போனைப் பார்த்துக்கொண்டான்.

"இன்னாண்ணா, நீங்க அள்ளவே மாட்டீங்கன்னு அக்கா சொல்லுச்சே," என்றாள் அன்புச்செல்வி.

"அதெல்லாம் அப்ப. இப்ப எவன் வெயிட் பண்ணிக்கினு இருப்பான்?"

அள்ளாமல் காத்திருந்த அன்புச்செல்வியிடம் தோற்றான். அதைப் பற்றி ஒன்றும் வருத்தமில்லை அவனுக்கு. "அஸ்வினி, மழை கம்மியா இருக்குது. சும்மா காத்துக்கினு இருக்கிறவங்க ஜெயிச்சிடுறாங்க. இன்னும் மூணு மழை போடு," என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்தான்.

அவன் சொன்னது சரி. அதுதான் எனக்கு எரிச்சல். இரண்டு வருஷமாக நான் பார்க்க மறுத்ததை ஒரே ஆட்டத்தில் பார்த்துவிட்டான். படியிறங்கிப் போனவனை நான் கூப்பிடவில்லை. நான் ஏங்கிக்கொண்டிருந்த தென்னரசு அவனில்லை. இந்த மேஜையில் என் கையால் ஆடிக்கொண்டிருந்தவன்தான். அழுகை வந்தது, அன்புச்செல்வி பார்க்காததுபோல் அட்டையை அடுக்கினாள்.

மூன்று மழைச் சீட்டையும் சேர்த்துக் கலைத்தேன். எல்லாக் கையையும் நானே ஆடினேன். சீக்கிரமே மழை வந்தது, பச்சையின் உப்பு அத்தனையும் போயிற்று. மறுபடி பச்சைக்கு முறை வந்தபோது பாத்தியில் கொஞ்சம் விளைந்திருந்தது.

"இப்பவே அள்ளிடுங்கக்கா," என்றாள் அன்புச்செல்வி.

"அவன் அள்ள மாட்டான்," என்றேன்.