ஆஸ்துமான்னுதான் பேரு

ருதைனாவின் கையிலிருந்த இன்ஹேலரைப் பிடுங்கித் தலையணை உறைக்குள் செருகினாள் அம்மா மைசூன்.

"அவங்க போற வரைக்கும் இது கண்ணுல படக்கூடாது. கேட்டா லேசா அலர்ஜின்னு சொல்லு."

"அலர்ஜி இல்லம்மா, ஆஸ்துமா."

"மெதுவா பேசுடி! பக்கத்து வீட்டுக்குக் கேக்கப் போகுது."

ஜர்கா நகரில் பெண்ணைப் பெற்றவர்களுக்கு அந்தச் சொல் மீது அப்படியொரு பயம். சிறு வயதில் ருதைனாவுக்கு முதல் தடவை மூச்சு முட்டியதிலிருந்து மைசூன் அதைச் சளி என்றாள், தூசி என்றாள், கண்ணேறு என்றாள். பள்ளியில் ஓட விடவில்லை, கல்யாண வீடுகளில் ஆட விடவில்லை. ருதைனா இப்போது பெண்கள் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. ஆனாலும் மருந்தைக் கழிவறைக்குள் போய்த்தான் இழுக்க வேண்டியிருந்தது.

மாப்பிள்ளை முன்தஸிர் தன் தாயோடும் மாமாவோடும் பெண் பார்க்க வந்திருந்தான். குளிருக்குச் சன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. நடுவே மண்ணெண்ணெய் அடுப்பு எரிந்துகொண்டிருக்க, மாமா ஒரு சிகரெட்டின் நெருப்பில் அடுத்ததைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். காப்பித் தட்டோடு வந்த ருதைனாவுக்கு நெஞ்சு இறுகியது. பொறுத்துக்கொள் என்று அம்மாவின் கண்கள் கெஞ்சின.

தட்டை வைத்துவிட்டு உள்ளே போய் இன்ஹேலரை எடுத்தாள். அறைக்கதவைச் சாத்தக் கையும் போயிற்று. சாத்தவில்லை. கூடத்துக்கே திரும்பி வந்து எல்லோர் முன்னாலும் குலுக்கி, இழுத்து, மூச்சை அடக்கி விட்டாள்.

"என்ன கண்ணு அது?" என்றாள் முன்தஸிரின் தாய்.

"லேசா அலர்ஜி..." மைசூன் குறுக்கே பாய்ந்தாள்.

"ஆஸ்துமா, அத்தை. சின்ன வயசுலேர்ந்து இருக்கு."

"பொறக்குற புள்ளைங்களுக்கும் வருமா?" மாமா கேட்டார்.

"வரலாம், வராமலும் போகலாம். வந்தா மருந்து குடுப்பேன், ஒளிச்சு வைக்க மாட்டேன். மாமா, அந்த சிகரெட்ட அணைச்சிடுங்க." சொல்லிக்கொண்டே சன்னலைத் திறந்தாள்.

முன்தஸிர் தன் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் குனிந்த தலையைப் பார்த்ததும், இந்தச் சம்பந்தம் கைவிட்டுப் போகுமே என்று அவளுக்கிருந்த கொஞ்சம் வருத்தமும் போய்விட்டது.

அவர்கள் மறுபடி வரவில்லை. சேதி மட்டும் தெருத்தெருவாய்ப் போயிற்று. மைசூன் அழுது தீர்த்தாள். "இனி யாருடி இந்த வாசப்படி ஏறுவா?"

"ஏறுறவங்க தெரிஞ்சே ஏறட்டும்."

குளிர்காலம் முடிகிற சமயத்தில் வேறொரு வீட்டிலிருந்து ஒரு பெண்மணி தொலைபேசியில் அழைத்தாள். சுற்றி வளைத்துப் பேசி, கடைசியில், "உங்க பொண்ணுக்கு ஏதோ சீக்காமே, பாவம்" என்றாள்.

அந்தப் 'பாவம்' மைசூனைச் சுட்டுவிட்டது.

"யாரு பாவம்? என் மக நூறு புள்ளைங்களுக்குப் பாடம் எடுக்கிறா. அவளுக்கு ஆஸ்துமா. ஆமா, ஆஸ்துமான்னுதான் பேரு! பொண்ணு கேக்கிறதுன்னா கேளுங்க, பாவம் பாக்கிறதுன்னா வேற வீட்டைப் பாருங்க."

தொலைபேசியை வைத்துவிட்டு மகள் பக்கம் திரும்பினாள்.

"அவ வர மாட்டா," என்றாள்.

"வராட்டி போறா," என்ற ருதைனாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிப்பு இருமலானது. வாசலில் ஆட்கள் நடமாட்டம் இருந்தும், மைசூன் அவளை உள்ளே போகச் சொல்லவில்லை.