பதிமூன்று நொடி

சர்க்யூட் போர்டு செய்யும் அந்தத் தொழிற்சாலையில் தீச்சோதனை அறை அவள் பொறுப்பு. எந்நேரமும் ஸ்டாப்வாட்சும் கையுமாக இருப்பதால் எல்லோருக்கும் அவள் 'நொடி அக்கா'.

அன்று சோதனைக்கு வந்த போர்டுத் தகடுகள் புது சப்ளையருடையவை. அவரைத் தேடிப் பிடித்தது கொள்முதல் பிரிவில் இருந்த அவள் கொழுந்தன். ஒரே வீடு, ஒரே அடுப்பு. மூன்று மாதமாக வீட்டில் அந்தத் தகடுகளின் புராணம்தான். குறைமாதக் குழந்தைகளைக் கதகதப்பாக வைக்கும் பெட்டிகளுக்கான போர்டுகளை அவற்றில்தான் செய்யப்போகிறார்கள்.

விரலகலத்தில் நறுக்கிய ஐந்து கீற்றுகள். ஒவ்வொன்றையும் செங்குத்தாக மாட்டி, கீழ்முனையில் பத்து நொடி சுடரைக் காட்டி எடுப்பாள். அதன்பின் பத்து நொடிக்குள் தானாக அணைய வேண்டும். அணைந்ததும் மறுபடி ஒருமுறை. நான்கு கீற்றுகள் மூன்று, நான்கு நொடியில் அடங்கின. ஒன்று மட்டும் பதினான்கு நொடி எரிந்தது.

கொழுந்தன் ஓடி வந்தான்.

"நாலு நொடிதானே அண்ணி அதிகம்? கண்ண மூடித் திறக்கற நேரம்!"

"ஒண்ணு தவறினா இன்னொரு அஞ்சு போட்டுப் பாக்கலாம், விதியிலேயே இருக்கு. ஆனா அதுல அஞ்சும் தேறணும். வாட்ச நீயே பிடி."

இரண்டாவது தொகுதியில் முதல் இரண்டும் தேறின. மூன்றாவதில் தீ மேலே ஏறியது. "அணைஞ்சிடு, அணைஞ்சிடு" என்று அவன் வாய்க்குள் முணுமுணுப்பது அவளுக்குக் கேட்டது. ஒருவழியாக அணைந்தது.

"எவ்வளவு?"

அவன் வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்பது என்று சொல்லிவிடுவானோ என்று அவளுக்குப் பக்கென்றது.

"பதிமூணு" என்றான்.

தேறவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

சரக்கு திரும்பிப் போனது. மேலாளர் அவனை எல்லோர் முன்னாலும் வறுத்தெடுத்தார். பத்து நாள் அவன் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தான். "ரெண்டு பேரும் வாயில பூட்டா போட்டிருக்கீங்க?" என்று மாமியாரும் கேட்டுப் பார்த்தாள்.

பதினோராம் நாள் மாலை, அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"அந்த சப்ளையர் இன்னிக்கு போன் பண்ணினாரு அண்ணி. சோதனைக்கு மட்டும் தனியா நல்ல தகடு அனுப்பறாராம். லாரியில வழக்கமான சரக்கு வருமாம். எவ்வளவு சாதாரணமா சொல்றாரு தெரியுமா?"

அவள் மடிப்பதை நிறுத்தினாள். "நீ என்ன சொன்னே?"

"போனை வெச்சிட்டேன். அப்புறம் எல்லாத்தையும் எழுதி மேலாளர் கையில கொடுத்துட்டேன். பழைய சப்ளையர்கிட்டேயே போகணும், ஒரு மாசம் தாமதமாகும். அதுக்கும் எனக்குத்தான் திட்டு விழும்."

"விழட்டும்" என்றாள் அவள்.

"உங்களுக்கென்ன, ஈசியா சொல்லிட்டீங்க" என்று சிரித்துக்கொண்டே அவனும் ஒரு போர்வையை எடுத்து மடித்தான், கோணல்மாணலாக. அதைப் பிடுங்கி அவள் திரும்ப மடித்தாள்.