இரண்டு பேர் ஊற்றிய தண்ணீர்

தையற்காரருக்கு வீம்பு அதிகம். மகள் கணவனை விட்டுப் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்த எட்டாவது மாதம், "உன் வீட்டுக்கே போயிடு, நாலு பேர் நாலு விதமா பேசுறாங்க" என்று சாப்பிடும்போது சொல்லிவிட்டார். அந்த நாலு பேரில் ஒருவர்கூட அதுவரை அவரிடம் எதுவும் கேட்டதில்லை என்பது வேறு விஷயம். மகள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக் கழுவினாள். மறுநாள் பெட்டியோடு கிளம்பியவள் கணவன் வீட்டுக்குப் போகவில்லை. வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு விடுதியில் தங்கினாள். அப்புறம் அம்மாவிடம் மட்டும்தான் போனில் பேசினாள்.

மொட்டைமாடியில் பழைய பெயிண்ட் வாளிகளில் அவள் வைத்த பதினொரு தக்காளிச் செடிகள் மிச்சம். அதுகளைப் பற்றித் தன்னிடம் யாரும் பேசக் கூடாது என்று மனைவியிடம் கறாராகச் சொன்னார். மறுநாளே மனசு கேட்கவில்லை. மனைவி பள்ளி அலுவலக வேலைக்குக் கிளம்பியதும், கீழ்க்கடையில் தையல் மிஷினை நிறுத்திவிட்டு, பூனை மாதிரி மாடியேறி வாளிக்கு ஒரு சொம்பு ஊற்றிவிட்டு வந்தார். அது தினப்படி வேலையாகிவிட்டது. மண் எப்போது பார்த்தாலும் ஈரமாக இருந்தது. தன் கைராசி என்று நினைத்துக்கொண்டார்.

கோலிக்குண்டு அளவில் முதல் காயைப் பார்த்த அன்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. மனைவியிடம் சொன்னால் குட்டு உடைந்துவிடும். பேன்ட் அளவு கொடுக்க வந்தவரிடம் சொன்னார். அவர் பேன்ட் என்றைக்குக் கிடைக்கும் என்று கேட்டார்.

பிறகுதான் சனி பிடித்தது. இலைகள் மஞ்சளாயின, பூக்கள் கொட்டின, காய்களின் அடி கறுத்தது. வெயில்தான் காரணம் என்று முடிவுகட்டி வாளிக்கு இரண்டு சொம்பாக்கினார். ஒரே மாதத்தில் ஏழு செடிகள் செத்தன. இதையாவது காப்பாற்றிக் கொடுத்தால் மகள் முகத்தில் விழிக்க ஒரு வழி கிடைக்கும் என்று நம்பியிருந்தார். ஒவ்வொரு செடி சாயும்போதும் அவளை இன்னொரு தடவை வெளியே அனுப்பியதுபோல இருந்தது.

கடைசியில் ஒரு மஞ்சள் இலையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நாற்றுப்பண்ணைக்குப் போனார். பண்ணைக்காரர் இலையை வாங்கிப் பார்த்தார்.

"நேத்து உங்க வீட்டம்மாவும் இதே மாதிரி இலையோட வந்தாங்களே. தினம் விடிகாலையில ஒரு சொம்புதான் ஊத்துறேன்னாங்க. அதுக்கெல்லாம் இப்படி வேர் அழுகாதுங்க. வேற யாரோ ஊத்துறாங்க."

வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்று தையற்காரருக்கே தெரியாது. அவர் தூங்கும் நேரம் பார்த்து மனைவியும், அவள் இல்லாத நேரம் பார்த்து அவரும் ஊற்றியிருக்கிறார்கள். மனைவி வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே உண்மையைச் சொன்னார். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார்.

அவள் சிரிக்கவில்லை. "அவ இங்க இருந்த எட்டு மாசமும் ஒரு நாளாவது முகம் கொடுத்துப் பேசினீங்களா? செடிக்கு மட்டும் ஒளிஞ்சு ஒளிஞ்சு தண்ணியா?"

அவர், மகளுக்கு ஒரு போன் போட்டுக் கொடு என்று கேட்டார். மனைவி எண்ணை அழுத்திப் போனை நீட்டினாள்.

"சொல்லும்மா" என்றாள் மகள்.

"நான்தான்" என்றார். "உன் செடில ஏழு போச்சு. என்னாலதான். உன்னைப் போகச் சொன்னதும் என் தப்புதான். வந்துடும்மா."

வைத்துவிட்டாளோ என்று பயந்து போனைக் காதோடு அழுத்தினார்.

"இங்க வீடு பாத்துட்டேன்ப்பா" என்றாள் மகள். குரலில் கோபம் இல்லை; அதுதான் அவரைக் கொன்றது. "சின்ன வீடு. மாடியில செடி வைக்க இடம் இருக்கு."

"தக்காளி வைப்பியா?"

"வைப்பேன்."

வாரத்துக்கு ஒரு தடவையாவது பேசு, நான் வந்து பார்க்கட்டுமா, என்னை மன்னித்துவிடு என்று எவ்வளவோ கேட்க நினைத்தார்.

"தண்ணி மட்டும் அளவா ஊத்தும்மா" என்றார்.