தராசு பேசாத வெள்ளிக்கிழமை

ஜும்ஆத் தொழுகை நேரம் நெருங்க நெருங்க, கம்ப்யூட்டர் திருத்த வந்த ஹுதைபாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கலகெதர ஊர் மிளகுக் கடைத் தராசின் நிறை, பழைய விண்டோஸ் கம்ப்யூட்டருக்குள் வரவே மறுத்தது. “சீரியல் போர்ட்டை வேறொரு புரோகிராம் பாவிக்கிறது” என்றே பில் புரோகிராம் திரும்பத் திரும்பக் காட்டியது. தராசுக் கேபிளை மாற்றினான், அது செருகும் போர்ட்டின் வேகத்தை மாற்றினான், மேசையில் குத்தினான்.

“கம்ப்யூட்டர ஒருக்கா நிப்பாட்டிப் போட்டுப் பாப்பமா, நானா?” என்றாள் கடைக்காரி பஸ்லினா.

“எனக்குச் சொல்லித் தர வாணாம்!”

பள்ளிவாசலில் தொழுகைக்கான பாங்கு கேட்டது. எரிச்சலோடு பில் திரையைக் கீழே இறக்கினான். பின்னால், தராசைச் சோதிக்கக் காலையில் அவனே திறந்துவைத்த புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது. அதை மூடியதும் பில்லில் நிறை விழுந்தது.

“என்ன பிழை, நானா?”

“ஒங்கட கேபிள்தான்” என்றவன், தொப்பியைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கு ஓடினான்.